யாருடைய தளம்? — பெண்கள் ரோலர் டெர்பியை முன்வைத்து

1

விளையாட்டைப் பற்றி எழுதுவதென்றால் நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. சினிமாவைக் கட்டுடைக்கலாம், விளம்பரத்தைக் கட்டுடைக்கலாம், சமையல் குறிப்பைக்கூட விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தைப் பார்த்து வாய்விட்டுக் கத்தினேன் என்றால், 'என்னங்க இது, நீங்களுமா?' என்கிறார்கள். மல்யுத்தக் காட்சியைப் பற்றி ரோலான் பார்த் 1950களிலேயே எழுதினார். கிரிக்கெட்டின் வழியே காலனியத்தைப் பேசிய சி.எல்.ஆர். ஜேம்ஸின் நூல் 1963இல் வந்தது. ஆகவே கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு, அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் பெண்களின் ரோலர் டெர்பி பற்றி ஒரு ரசிக மனநிலையிலேயே பேச விரும்புகிறேன். நான் பார்த்ததெல்லாம் ஆட்டப் பதிவுகளும் ஆவணப்படமும்தான். அதுவே நிறையப் பேச வைக்கிறது.

இந்த ஆட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: 'பாருங்கள், பெண்கள் எப்படி அடித்துக்கொள்கிறார்கள்! எவ்வளவு துணிச்சல்!' இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. பெண் அடிப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டம் எப்போதும் உண்டு. அதை விற்கும் முதலாளியும் உண்டு. இங்கே முக்கியமானது வேறு. யார் விழுகிறார்களோ அவர்களே அந்தத் தளத்தையும் நடத்துகிறார்கள் என்பதுதான் அது.

2

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்து கிடையாது. முட்டை வடிவத் தடத்தில் அணிக்கு ஐந்து பேர். கால்களில் நாலு சக்கர ஸ்கேட்டு, தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்ட உறை மாட்டியிருப்பவர் ஜாமர். மற்ற நால்வர் பிளாக்கர்கள். அவர்களில் பட்டை போட்ட உறையணிந்தவர் பிவட். சடுகுடுவில் பாடிப் போகிறவர் எப்படித் தனி ஆளாக எதிரணிக்குள் புகுந்து மீள வேண்டுமோ, அப்படி ஜாமர் அந்தக் கும்பலுக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். முதல் முறை வெளிவருவதற்குப் புள்ளி இல்லை. அடுத்த சுற்றிலிருந்து, தாண்டுகிற ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. இரு அணி ஜாமர்களும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். ஆகவே ஒரு பிளாக்கர் எதிரி ஜாமரை மறிக்கவும் வேண்டும், அதே நொடியில் தன் ஜாமருக்கு வழி திறக்கவும் வேண்டும். தாக்குவதும் காப்பதும் தனித்தனி முறை வைத்து வருவதில்லை. கண்ணுக்கு முதலில் வெறும் தள்ளுமுள்ளாகத் தெரிவது, நாலு ஆட்டம் பார்த்தபின் கணக்கு வைத்துப் போட்ட கோலமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம். முப்பது நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள். இடுப்பாலும் தோளாலும் நெஞ்சாலும் மோதலாம். முழங்கையால் இடிக்கக்கூடாது, தலையில் மோதக்கூடாது, முதுகில் தள்ளக்கூடாது. தப்பு செய்தால் 30 நொடி வெளியே உட்கார வேண்டும். ஜாமரே வெளியே போய்விட்டால் அந்த நேரத்தில் அவரது அணிக்குப் புள்ளியே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கும்பலை விதிப்படி முதலில் தாண்டிய ஜாமர், தான் விரும்பும்போது அந்த ஜாமை நிறுத்திவிடலாம். எப்படி? இரண்டு கைகளாலும் இடுப்பைத் தட்டிக் காட்டவேண்டும். அவ்வளவுதான், விசில் ஊதிவிடும். இடுப்பில் கை வைத்து நின்றால் 'திமிரா?' என்று கேட்டு வளர்த்த வீடுகள் நம்முடையவை. அந்தச் சைகைக்கு இங்கே பத்துப் பேரின் ஓட்டம் நிற்கிறது.

'பெண்பிள்ளை மாதிரி எறிவது' குறித்து 1980இல் ஐரிஸ் மரியன் யங் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பெண்ணுடல் தன்னைச் சுற்றியுள்ள வெளியை முழுதாகப் பயன்படுத்தாமல், ஒரு உறுப்பை மட்டும் அசைத்து மிச்சத்தை அடக்கி வைத்துக்கொள்ளப் பழக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். காலை அகட்டாதே, அதிர நடக்காதே, இடித்துக்கொண்டு போகாதே என்கிற ஆணைகளை உடம்புக்குள் எழுதிவைத்த பிறகு அப்படித்தானே இருக்கும். டெர்பியின் அடிப்படை நிலையோ காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி உட்கார்ந்தாற்போல் நிற்பது. பருத்த உடலுக்கும் அதில் வேலை இருக்கிறது, ஒல்லியான உடலுக்கும் இருக்கிறது. பாதுகாப்பாக விழுவதும் விழுந்த வேகத்தில் எழுவதும் பயிற்சியின் முதல் பாடங்கள்.

3

இதோடு நிறுத்திக்கொண்டால் இது வெறும் 'உடல் விடுதலை'ப் புராணமாகிவிடும். ஏனென்றால் மோதும் பெண்ணுடல் இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்ஸர் ரோலர் டெர்பியைத் தொடங்கியபோதே ஆண்களும் பெண்களும் ஒரே விதிகளின்கீழ் ஓடினார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது. வேலையற்றவர்கள் நாள்கணக்கில் நடந்தும் ஆடியும் களைத்து விழுவதைக் கூட்டம் காசு கொடுத்துப் பார்த்த நடைப்போட்டிகளை நடத்தியவர்தான் இந்த செல்ட்ஸர். டெர்பியும் முதலில் அப்படியொரு தாக்குப்பிடிக்கும் போட்டியாகவே இருந்தது. மோதலுக்குத்தான் கூட்டம் எழுந்து நிற்கிறது என்று தெரிந்தபின் மோதல் விதியாயிற்று. பின்னர் தொலைக்காட்சி வந்தது. ஜோன் வெஸ்டன், ஆன் கால்வெல்லோ போன்ற நட்சத்திரங்கள் வந்தார்கள். 1972இல் ஹாலிவுட்டும் 'கான்சாஸ் சிட்டி பாம்பர்' எடுத்தது. 1973இல் செல்ட்ஸர் குடும்பம் கடையைக் கட்டியது.

பார்த் மல்யுத்தத்தில் கண்டது இந்தப் பழைய டெர்பிக்குப் பொருந்தும். நல்லவள், கெட்டவள், அநீதி, பழிதீர்ப்பு எல்லாம் கூட்டத்தின் கண்முன் பெரிதாக நிகழும் ஒரு காட்சி அது. நிஜமா நடிப்பா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. ஆனால் பார்த் கேட்காமல் விட்ட கேள்வியை நாம் கேட்கலாம்: யாரு காசு போட்டது? வண்டியும் தளமும் யாருடையது? சம விதி இருந்தது, சம மோதல் இருந்தது. தளம் மட்டும் முதலாளியுடையதாக இருந்தது. வலிமையான பெண் என்ற பிம்பம் அங்கே தாராளமாகப் புழங்கியது. பிம்பத்துக்குப் பங்கு கிடையாது.

2001இல் டெக்ஸஸின் ஆஸ்டினில் இந்த ஆட்டம் மறுபடி முளைத்தபோதும் தொடக்கி வைத்தவர் ஒரு ஆண்தான். சீக்கிரமே அவர் விலகிப்போக, பெண்களே நடத்த ஆரம்பித்தார்கள். இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. அணித் தலைவிகளான நான்கு பெண்கள் உரிமையாளர்களானார்கள். 2003இல் ஆட்டக்காரிகளில் பெரும்பகுதியினர் அவர்களிடமிருந்து பிரிந்து 'டெக்ஸஸ் ரோலர்கேர்ள்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். முதலாளி பெண்ணாக இருந்தால் போதும் என்று அவர்கள் சமாதானமாகவில்லை, பாருங்கள். ஆடுகிற எல்லோருக்கும் முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்றார்கள். 2007இல் வந்த 'ஹெல் ஆன் வீல்ஸ்' ஆவணப்படத்தில் இந்தச் சண்டைகளைப் பார்க்கலாம். கூட்டங்கள், கண்ணீர், கத்தல். இயக்கங்களில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் அந்நியமாக இருக்காது.

உரிமை பற்றிய இந்தப் பிளவோடு தளம் பற்றிய பிளவும் சேர்ந்துகொண்டது. மிச்சமிருந்தவர்கள் பழைய பாணியில் சாய்தளத்துக்குப் போனார்கள். சாய்தளம் என்றால் சட்டம், பலகை, அதை வைக்கக் கொட்டகை என முதலீடு வேண்டும். பிரிந்தவர்கள் சமதளத்தில் ஆடினார்கள். சமதளத்துக்கு என்ன வேண்டும்? கொஞ்சம் கயிறு, கொஞ்சம் டேப்பு, வழவழப்பான ஒரு தரை. ஆட்டக்காரிகளே முட்டி போட்டு ஒட்டி, ஆட்டம் முடிந்ததும் உரித்துவிடலாம். முதலீடு தேவைப்படாத வடிவம் என்பதாலேயே அது ஊர் ஊராகப் பரவியது. 2004இல் குழுக்கள் கூடிப் பேசத் தொடங்கி, மகளிர் சமதள டெர்பி சங்கம் உருவானது. விதிகளை உறுப்புக் குழுக்களே வாக்களித்து மாற்றுகின்றன. 2006இல் முதல் சாம்பியன் பட்டம் டெக்ஸஸ் ரோலர்கேர்ள்ஸுக்கு. 2017இல் பட்டம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கே போய்விட்டது.

4

புனைபெயர்களைப் பற்றிச் சொல்லாமல் டெர்பி பற்றிப் பேச முடியாது. நர்சாகவோ டீச்சராகவோ வேலை பார்க்கும் பெண், தளத்தில் இறங்கும்போது கொலைகாரத்தனமும் கேலியும் கலந்த சிலேடைப் பெயர் ஒன்றைச் சூடிக்கொள்கிறாள். தொடக்க காலத்தில் வலைக் காலுறையும் குட்டைப் பாவாடையும் சேர்ந்திருந்தன. பக்தின் சொன்ன கொண்டாட்டவெளிதான் இது: அப்பன் பெயர், புருஷன் பெயர் இரண்டும் தளத்துக்கு வெளியே நிற்கின்றன. அதே உடுப்பு ஆணின் பார்வைக்குத் தீனியாகவில்லையா என்று கேட்டால், ஆயிற்று. பிறகு வந்த பலர் உடுப்பை மாற்றி, சொந்தப் பெயரிலேயே ஆட ஆரம்பித்தார்கள். 'நாங்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, விளையாட்டு வீரர்கள்' என்பது இவர்கள் கட்சி. 'கேலியை விட்டுவிட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது?' என்பது மற்றவர்கள் கட்சி. இரண்டு கட்சியும் சங்கத்துக்குள்ளேயே மோதிக்கொள்வதை ஆரோக்கியமாகவே பார்க்கிறேன்.

ஆனால் சமத்துவ சொர்க்கம் என்று யாரும் கொண்டாட வேண்டாம். இங்கே சம்பளம் கிடையாது. ஆட்டக்காரிகளே மாதச் சந்தா கட்டுகிறார்கள், ஸ்கேட்டும் கவசமும் தாங்களே வாங்குகிறார்கள். நடுவர்கள்கூடச் சம்பளமில்லாமல் வருகிறவர்களே. எலும்பு முறிந்தால் அமெரிக்க மருத்துவச் செலவு எப்படி என்று தெரிந்ததுதான். உரிமை எல்லோருக்கும் என்றால் உழைப்பும் எல்லோருக்கும். மாலை நேரமும் கைக்காசும் இல்லாதவர்களுக்கு இந்த ஜனநாயகத்தின் கதவு பாதிதான் திறக்கிறது. வெள்ளை நிறமே இந்த ஆட்டத்தில் மிகுதி என்ற விமர்சனத்தை உள்ளே இருப்பவர்களே எழுப்பியிருக்கிறார்கள். 2018இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பையில், தேச எல்லைகளை ஏற்காமல் பூர்வகுடிப் பெண்கள் 'டீம் இண்டிஜினஸ்' என்ற அணியாக வந்து நின்றது இந்த விமர்சனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செயல்.

5

'பெண்' என்பது யார் என்ற கேள்வியையும் இவர்கள் வெளியாளுக்கு விட்டுவிடவில்லை. ஹார்மோன் அளவைக் காட்டச் சொன்ன பழைய விதியை 2015இல் சங்கம் நீக்கியது. திருநங்கையரும் இடைப்பாலினரும், தங்களுக்குப் பொருந்துவது பெண்கள் டெர்பியே என்று கருதினால் ஆடலாம், யாரும் சான்று கேட்கமாட்டார்கள் என்றது. பல பெரிய விளையாட்டு அமைப்புகள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தபோது இதைச் சாதிக்க முடிந்ததற்குக் காரணம் தாராள மனசு மட்டுமல்ல. தடுப்பதற்கு மேலே ஒரு முதலாளி இல்லை.

ஆனால் அரசாங்கம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் நாசோ கவுண்டித் தலைவர், திருநங்கையரைச் சேர்த்துக்கொள்ளும் பெண்கள் அணிகளுக்குக் கவுண்டியின் மைதானங்களும் அரங்குகளும் கிடையாது என்று ஆணையிட்டார். எதிர்த்து வழக்குப் போட்டது 'லாங் ஐலண்ட் ரோலர் ரெபெல்ஸ்' என்ற டெர்பிக் குழு. அவருக்கு அந்த அதிகாரமில்லை என்று மே மாதம் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஜூனில் கவுண்டி சட்டமன்றமே அதைச் சட்டமாக்கியது. அதை எதிர்த்தும் குழு நீதிமன்றம் போனது.

கயிறும் டேப்பும் இவர்களுடையவை. விதி இவர்களுடையது. அடியில் உள்ள தரை கவுண்டியுடையது. சுயநிர்வாகம் எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு நூலிலும் நான் படிக்கவில்லை. அச்சகக் கடன், வாடகை மண்டபம், தபால் செலவு என்று காலம் தள்ளும் நமக்கு இது புரியாததல்ல. ஆகவே வலிமையான பெண்ணைக் கைதட்டி அனுப்பிவிட்டுப் போகாமல், அவர்களின் சங்க விதிகளையும் வழக்கையும் சேர்த்துப் படிக்கலாம். ஆட்டத்தையும் பாருங்கள். நான்கு ஜாம் போதும், நீங்களும் கத்துவீர்கள்.