மூன்று நூல்களும் ஒரு பெண் குயிலும்

தமிழில் ஓர் அறிவியல் நூல் வெளிவந்தால் அதைப் பற்றி நாம் என்ன சொல்வது வழக்கம்? "தமிழில் இப்படி ஒரு நூல் வந்ததே பெரிது" என்போம். "மாணவர்களுக்கு மிகவும் பயன்படும்" என்றும் சேர்த்துக்கொள்வோம். நூலைத் திறந்து பார்க்காமலேயே இவ்விரண்டையும் சொல்லிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள வசதி! ஆனால் இந்தத் தாராளத்தால் எழுதியவருக்கும் நன்மையில்லை; காசு கொடுத்து வாங்கும் உங்களுக்கும் நன்மையில்லை.

அண்மையில் பறவைகளையும் மற்ற உயிர்களையும் பற்றிய மூன்று தமிழ் நூல்களைப் படித்தேன். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. படித்ததை அந்த மரத்தடியில் நின்று சரிபார்த்துக்கொண்டேன். என் மனத்தில் பட்டதை, மதிப்புரை என்ற பெரிய பெயர் எதுவும் சூட்டாமல், உங்களிடம் சொல்கிறேன்.

முதலாவது, க. ரத்னம் எழுதிய 'தமிழ்நாட்டுப் பறவைகள்'. இது ஒரு கையேடு. ஒவ்வொரு பறவைக்கும் தமிழ்ப் பெயர், உடலின் நீளம், நிறம், காணக்கூடிய பகுதிகள், உணவு, இனப்பெருக்கம் என்று வரிசையாகச் செய்திகள் உள்ளன. கதையைப் போல இதை ஒரே மூச்சில் படிக்க முடியாது. அகராதியை யாராவது முதல் பக்கத்திலிருந்து படிப்பார்களா?

எனினும் எனக்குப் பெரிய பாடம் கற்பித்தது இந்த நூல்தான். வேப்பமரத்தில் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட ஒரு பறவையைக் காகங்கள் விரட்டுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன். அது ஏதோ ஒரு வல்லூறு என்றே நினைத்திருந்தேன். நூலைப் புரட்டியபோது உண்மை தெரிந்தது. அது பெண் குயில்! நாம் அறிந்த கருங்குயில், சிவந்த கண்ணுடைய ஆண். 'கூ... கூ...' என்று குரலை உயர்த்திக்கொண்டே போவதும் ஆண்தான். பெண்ணின் குரல் 'கிக், கிக்' என்று வெடுக்கென ஒலிக்கும். கவிஞர்கள் பலர் பாட்டைப் பெண் குயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

இந்த நூலில் என் குறை ஒன்றுதான். 'எங்கே, எப்போது, எப்படி' என்பவற்றுக்கு விடை தரும் கையேட்டில் 'ஏன்' என்பதற்கு இடம் குறைவு. காகம் ஏன் விரட்டுகிறது என்பதை அறியக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வேறு நூல்களைத் தேடினேன். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குயிலின் முட்டை ஏறக்குறைய 13 நாளில் பொரிந்துவிடுகிறது. காகத்தின் முட்டைக்கு மேலும் மூன்று, நான்கு நாட்கள் வேண்டும். முந்திப் பிறந்த குஞ்சுக்கு முதல் இரை. தான் பெறாத பிள்ளைக்கு இரை தேடி அலையும் காகம் விரட்டாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான கிருஷ்ணன் (1912–1996) மயிலாப்பூரில் வாழ்ந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். பிறர் எழுதியதைத் திரட்டித் தராமல், தாம் கண்ணால் கண்டதை எழுதுகிறார் கிருஷ்ணன். தமிழ் அறிவியல் எழுத்தில் இது அரிது. அவர் பார்த்ததை நாமும் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசை உண்டாகிறது.

ஒரு கருத்தில் மட்டும் அவரோடு வாதிடத் தோன்றுகிறது. நம் மண்ணுக்குரிய மரங்களும் உயிர்களுமே அவருக்குப் பெரிது. அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட வெளிநாட்டு மரங்களை அவர் ஏற்றதில்லை. ஆனால் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டா காகம் அதில் கூடு கட்டுகிறது? என் உண்மையான வருத்தம் வேறு. 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதியவர் அவர். அதனோடு ஒப்பிட்டால் தமிழுக்குக் கிடைத்தது மிகச் சிறிது.

மூன்றாவது, தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'. தியாகராய நகரில் வாங்கி, வீடு வரும்வரை பேருந்திலேயே படித்தேன். பத்திரிகைக் கட்டுரைகளின் தொகுப்பு என்பதால், பசி கிளம்பும் நேரத்தில் இலையை எடுத்துவிடுவது போலச் சில கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. ஆனால் சொற்களைப் பற்றி அவருக்குள்ள கவலை மதிக்கத்தக்கது. 'வனவிலங்கு' என்ற சொல் பறவை, பாம்பு, பூச்சி ஆகியவற்றை விட்டுவிடுகிறது. ஆகவே 'காட்டுயிர்' என்பதே பொருந்தும் என்பது அவர் வாதம்.

இதைச் சோதிக்க ஒரு மாலை அடையாறு முகத்துவாரத்துக்குச் சென்றேன். சேற்றில் கொக்குகள் இரை தேடிக்கொண்டிருந்தன. காடே இல்லாத இடத்தில் காட்டுயிர் எப்படி வந்தது என்று எண்ணினேன். திரும்பும் வழியில்தான் 'காட்டுப்பூனை' நினைவுக்கு வந்தது. அது கரும்புத் தோட்டத்திலும் வாழும். 'காட்டு' என்றால் காட்டில் உள்ளது என்று மட்டும் பொருளல்ல. மனிதன் வளர்க்காதது, அடங்காதது என்றும் பொருள். பாஸ்கரன் சொன்னதே சரி. மறுக்கப் போனவன் ஒப்புக்கொண்டு திரும்பினேன்.

மூன்றில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்பீர்களானால், கிருஷ்ணனை என்பேன். அவர் பார்க்கக் கற்பிக்கிறார். பார்த்ததற்குப் பெயர் தெரிய ரத்னம் வேண்டும். அந்தப் பெயர்கள் மறையாமலிருக்க என்ன செய்வது என்று எண்ணப் பாஸ்கரன் வேண்டும்.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு மரம் இருக்கும். பங்குனி, சித்திரையில் ஒருநாள் விடியலில் நூலும் கையுமாக அதன்கீழ் நின்று பாருங்கள். நூல் சொல்வதும் மரம் காட்டுவதும் ஒத்துப்போகவில்லையானால், தமிழ் நூல் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். ஒத்துப்போனால், அந்த நூலை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் படிக்கக் கொடுங்கள்.