வாடிவாசலில் மூன்று விநாடி

தை பிறந்து அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கும் அடுத்த நாள் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறந்துவிட்டால் மதுரை ஜில்லாவில் உள்ள அத்தனை பேரும் காளையின் லட்சணம் அறிந்த பண்டிதர்களாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பண்டிதர்களில் பெரும்பாலோர், விழி பிதுங்க, வாயில் நுரை தள்ள, கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போல வெளியே பாயும் மாட்டையே வீர மாடு என்று கொண்டாடுவதையும், வாசலில் வந்து நின்று தலையைச் சற்றே தாழ்த்தி, நாலு பக்கமும் ஒரு தரம் நோட்டமிட்டுவிட்டு அதன் பிறகே அடியெடுத்து வைக்கும் மாட்டைச் சாதுவென்று பரிகசிப்பதையும் காலரியில் உட்கார்ந்து பல வருஷங்களாகக் கேட்டுப் பொருமியிருக்கிறேன். இந்த வாரம் அந்தப் பொருமலைக் கொட்டித் தீர்த்துவிடுவதாக உத்தேசம்.

சென்ற தையில் அந்த மூன்று ஊர்களுள் ஒன்றில் ஒரு செவலைக் காளையைக் கண்டேன். அதன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்ட மாட்டுக்காரர் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டியதோடு கையை எடுத்துக்கொண்டார். மாடு முன்னங்கால் இரண்டையும் தேங்காய் நாரின்மேல் ஊன்றி, அப்படியே நின்றது. “என்னண்ணே, மாடு போட்டோவுக்கு நிக்குதா?” என்று பக்கத்திலிருந்தவர் என் விலாவில் இடித்தார். “மாட்டுக்காரரே, மாட்டை எழுப்பி விடுங்கப்பா!” என்று ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டது. மாட்டின் ஒரு காது நேரே விறைத்திருக்க, மற்றது இடப்புறச் சுவரை ஒட்டிப் பதுங்கியிருந்த இளைஞன் பக்கம் மெல்லத் திரும்பியதை எத்தனை பேர் கவனித்தார்களோ அறியேன். ஒன்று, இரண்டு, மூன்று. இளைஞன் திமிலுக்குத் தாவினான். மாடு பின்புறத்தை மாத்திரம் அரை வட்டம் சுழற்றித் திமிலை அப்பால் கொண்டுபோய்விட்டது. அவன் அணைத்தது வெறுங்காற்றை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வாடிவாசலுக்குள்ளே அரையிருட்டு, வெளியே தை வெயில். இருளிலிருந்து வெளிச்சத்துக்குப் பழக மாட்டின் கண்ணுக்கு நம்முடைய கண்ணைவிட அதிக அவகாசம் வேண்டும். பக்கவாட்டில் அமைந்த அந்தக் கண்களால் ஏறக்குறைய 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்க முடியும். தெரியாத இடம் நேர் பின்புறம் ஒன்றே. அந்த மூன்று விநாடியில் செவலை களத்தை அளந்துகொண்டிருந்தது. இப்போது அதே வாசலில், பின்னாலிருந்து ஒரு கை வாலைப் பிடித்து முறுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரே திசையிலிருந்து வேதனை வருகிறது. அதை விட்டு விலக மாட்டுக்குத் தெரிந்த மார்க்கம் நேர்கோடு ஒன்றுதான். கூட்டம் ஆக்ரோஷம் என்று ஆர்ப்பரிப்பது அந்த ஓட்டத்தைத்தான். சுவரோரம் நிற்கும் கெட்டிக்கார வீரனோ உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறான். 15 மீட்டர் தூரம், அல்லது 30 விநாடி, அல்லது மூன்று துள்ளல் திமிலை விடாதிருக்க வேண்டும் என்பது 2017ஆம் வருஷத்து விதி. நேராக ஓடுகிற மாடு அந்த 15 மீட்டரைத் தானே கடந்து அவனுக்குப் பரிசை வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

ஆகையால் இந்த ஆட்டத்தில் மாட்டுக்காரர் செய்கிற மகா முக்கியமான தீர்மானம், கயிற்றை அறுத்த அடுத்த கணத்தில் தம் கை எங்கே போக வேண்டும் என்பதுதான். புலிக்குளம் இனக் கன்றை வாங்கி, பருத்திக்கொட்டையும் தவிடும் போட்டு வளர்த்து, கண்மாயில் நீந்தவிட்டு, மண்மேட்டில் கொம்பு குத்தப் பழக்கி, பிள்ளையைப்போல வருஷம் முழுதும் போஷித்தவர்தாம் அந்தக் கணத்தில் சபலப்பட்டு வாலைத் தேடுகிறார். காரணம் கொடுமைக் குணமென்று நான் சொல்லமாட்டேன். மாடு மிரட்டலாகத் தோன்ற வேண்டும். பரிசாக வரும் காரும் டிராக்டரும் தோற்றத்துக்கே போகும் என்று நினைக்கிறார். 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக்காட்டிய சங்கதிகளில் வாலை முறித்தலும் கடித்தலும், எரிச்சலூட்டும் பொருள்களைப் பிரயோகித்தலும் உண்டு. விழியின் வெள்ளை தெரிவதும் சாணி கழிவதும் அச்சத்தின் குறிகள் என்பதைக் கால்நடை வைத்தியர் எவரும் சொல்வார். 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் நம் மாநில ஜல்லிக்கட்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியபோது நானும் இனிப்பு வாங்கி வழங்கியவன்தான். ஆனால் விதிகள் இருக்கின்றன என்பதற்காகவே அந்தச் சட்டம் பிழைத்தது என்பதை மறந்துவிட்டு, வாலைத் தேடும் கைகளை இன்னமும் காலரியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோற்றத்துக்குப் பரிசு கொடுத்தால் எதில் கொண்டுபோய்விடும் என்பதை அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்துக் குதிரைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஷெல்பிவில் என்னும் ஊரில் 1939 முதல் ஒரு பெரிய குதிரைக் கண்காட்சி நடந்து வருகிறது. முன்னங்காலை மார்பளவு தூக்கித் தூக்கி வைத்து நடக்கும் குதிரைக்கு அங்கே ஏக வரவேற்பு. அந்த ராஜநடைக்காகச் சிலர் செய்தது என்னவென்றால், குதிரையின் கணுக்காலில் கடுகெண்ணெயையோ மண்ணெண்ணெயையோ தடவி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெந்துபோக விட்டு, அந்தப் புண்ணின்மேல் உராயும்படி சங்கிலியும் மாட்டுவது. தரையில் கால் பட்டால் எரிவதனால் குதிரை காலை உயர உயரத் தூக்கும். 1970இல் சட்டம் போட்டு, பரிசோதகர் கட்டைவிரலால் காலை அமுக்கிப் பார்த்து, குதிரை வலியில் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் வந்தது. உடனே, அமுக்கினாலும் அசையாதிருக்கும்படி குதிரையை முன்கூட்டியே அடித்துப் பழக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். வாலைத் தூக்கி நிறுத்துவதற்காகக் குதிரையின் ஆசனவாயில் இஞ்சியைச் செருகும் பழைய ஐரோப்பிய தந்திரமும் உண்டு. எழுதவே கை கூசுகிறது. நம் ஊர் அய்யனாரின் மண்குதிரைக்கும் பிதுங்கிய கண், விரிந்த நாசி, தூக்கிய கால் எல்லாம் உண்டுதான். குயவரான வேளார் அவற்றைக் களிமண்ணிலே பிடித்துவைத்தார். உயிருள்ள பிராணியைத் தொடவில்லை.

வருகிற தையைப்பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன். செவலை மீண்டும் இறங்கும். சென்ற முறை காற்றை அணைத்த இளைஞனும் அவன் சகாக்களும் இம்முறை முந்திக்கொண்டு தாவமாட்டார்கள். சுவரோடு ஒட்டிக் காத்திருப்பார்கள். அவர்கள் காத்திருப்பதை அறிந்து மாடும் மூன்று விநாடிக்குப் பதில் ஐந்தாறு விநாடி நிற்கும். கூட்டம் கூச்சலிடும், ஒலிபெருக்கி கேலி செய்யும், பின்னாலிருந்து யாராவது ஒருவர், மாட்டுக்காரரின் மைத்துனரோ பங்காளியோ, “சும்மா ஒரு திருகு திருகுங்க மாமா” என்பார். மாட்டுக்காரர் திருகமாட்டார் என்றே பந்தயம் கட்டுகிறேன். திருகாதவரைக்கும் அந்தத் திமிலை அன்றைக்கு எவனும் தொடப்போவதில்லை. ஆனால் நடுவர்களின் கண் நுரையையும் விழியையுமே தேடிக்கொண்டிருப்பதனால், கார் வேறொரு மாட்டுக்குப் போகும். செவலைக்கு ஓர் அண்டாவோ கட்டிலோ கிடைக்கும். சிறந்த காளைக்கான மதிப்பெண்ணில் வாசலில் நின்ற விநாடிகளையும் சேர்த்து எண்ணுகிற காலம் இன்னும் ஐந்து வருஷத்துக்குள் வருமென்பது என் கணக்கு. அதுவரை, அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிற அந்த மாட்டுக்காரருக்காக இடப்புறக் காலரியில் ஒருவன் மட்டும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருப்பான். பக்கத்திலிருப்பவர் விலாவில் இடித்தாலும் உட்காரப்போவதில்லை.