தொடக்கக் காட்சியும் உடன் பயில்வோர் படங்களும்

திரைப்படக் கலை பயிலும் நம் மாணாக்கர் பெரும்படங்களையே விரும்பிக் காண்பர். தம்மையொத்த மாணாக்கர் ஆக்கிய குறும்படங்களைப் பொருட்படுத்தார். ஆயின், பொருளும் கருவியும் குறைந்த நிலையிற் பிறந்த படமே, தொடக்கக் காட்சியை அமைக்கப் புகுவார்க்குத் தக்க ஆசான் என்பது எம் கருத்து.

போலந்து நாட்டின் வூச் திரைப்படக் கல்லூரியிற் பயின்ற ரோமன் பொலான்ஸ்கி 1958இல் ஆக்கிய ‘இரு மனிதரும் ஓர் அலமாரியும்’ இதற்குச் சான்றாகும். கடலினின்றும் இருவர் ஓர் அலமாரியைச் சுமந்து கரையேறுகின்றனர். உரையாடல் இல்லை. இவர் யாவர், இச்சுமையோடு இவரை ஏற்பார் உளரோ என்னும் வினா நம்முள் எழுகின்றது. நகரம் ஏற்க மறுக்க, ஈற்றில் இருவரும் மீண்டும் கடலுட் புகுகின்றனர். முதற்காட்சியே முடிவைக் கருக்கொண்டிருந்தமை அப்பொழுதே புலனாகும்.

இனி, பதுளைப் பகுதியில் யான் கண்ட மாணவர் முயற்சிகளை நோக்குவோம். மூடுபனி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், கொழுந்து பறிக்கும் கைகள் என்பனவே பலவற்றின் தொடக்கம். அழகியவைதாம், எனினும் வழிப்போக்கனும் எடுக்கத்தக்கவை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. அதனை அறிந்தார்க்கு மலைமேற் கவியும் மழைமுகில் வெறும் எழிலாகுமோ? அம்முகிலை வாயிலில் நின்று அண்ணாந்து நோக்கும் ஒரு தாயின் முகத்தோடு படம் தொடங்குமாயின், காண்போர் உள்ளத்தில் வினா தானே எழும்.

ஆதலின், மாணவர் பிறர் படங்களைக் காணுந்தோறும், முதற்காட்சி எவ்வினாவை எழுப்பிற்று, முடிவு அதற்கு விடை கூறிற்றோ என எழுதிவைத்துப் பயில்வாராக. அலமாரியை இரவல் கொள்ள வேண்டுவதில்லை. நம் மலைகளிற் சுமப்பார் பலர் உளர்.