ஒரு கரண்டி குறைத்தால் எத்தனை கிலோ?

எடையைக் குறைக்க வழி கேட்டுப் போகிறவரிடம் இப்போது மருத்துவர்களும் உணவியல் வல்லுநர்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். பட்டினி வேண்டாம், கடும் டயட் வேண்டாம், சின்னச் சின்ன மாற்றம் போதும். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள், லிஃப்டை விட்டுப் படியேறுங்கள், ராத்திரிச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னால் முடியுங்கள். எடை தானாக இறங்கும். தமிழ்நாட்டில் அடித்த பேலியோ அலையில் அரிசியையே ஒதுக்கிவிட்டு மளமளவென்று இளைத்து, சோற்றுக்குத் திரும்பியதும் பழைய சட்டை அளவுக்கே திரும்பியவர்கள் பலர். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவுரை இன்னும் நியாயமாகப் படும். இதில் நான் மதிக்கும் பகுதி நிறைய உண்டு. ஆனால் 'தானாக இறங்கும்' என்ற வாக்குறுதி உண்மையில்லை. அதை நம்பித் தொடங்குகிறவர்கள்தான் ஆறாவது மாதத்தில் மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு டீக்கு இரண்டு சின்னக் கரண்டி சர்க்கரை, நாளைக்கு மூன்று டீ என்றால் சர்க்கரையில் மட்டும் 100 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. இதை விட்டால் வருடத்துக்கு 36,500 கலோரி மிச்சம். ஒரு கிலோ எடைக்கு 7,700 கலோரி என்று வகுத்தால் முதல் வருடத்தில் நாலே முக்கால் கிலோ, ஐந்து வருடத்தில் 23 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். இந்த வகுத்தல், 1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று எழுதியதிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்களிலும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளிலும் அதுவே ஓடியது. ஆனால் சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கப் பழகிய யாரும் அதனால் மட்டும் ஐந்து வருடத்தில் 23 கிலோ குறைந்ததில்லை.

காரணம், எடை இறங்க இறங்க உடலின் செலவும் இறங்குகிறது. 80 கிலோவைச் சுமந்து மாடிப்படி ஏறுகிறவருக்கு ஆகும் செலவு, 75 கிலோவைச் சுமக்கிறவருக்கு ஆவதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-ல் 'லான்செட்' இதழில் இந்தக் கணக்கைத் திருத்தி எழுதினார்கள். தினமும் 100 கலோரி குறைத்தால் கடைசியில் மொத்தமாகக் குறைவது சுமார் நாலரை கிலோ. அதில் பாதி முதல் வருடத்தில் குறையும். மூன்று வருடத்துக்குள் கிட்டத்தட்ட முழுவதும் குறைந்துவிடும். அதோடு எடை நின்றுவிடும். சிறு மாற்றத்தைத் தொடர்ந்து கடைப்பிடித்தால் பெரிய எடை குறையும் என்ற நம்பிக்கையை, உடல் பருமன் பற்றிய தவறான நம்பிக்கைகளில் முதலாவதாகவே 2013-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' கட்டுரை ஒன்று பட்டியலிட்டது.

நாலரை கிலோவும் நல்ல பலன்தான். ஆனால் அதுவும் எளிதாகக் கிடைப்பதில்லை. இதே ஹால் குழு 2016-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையைச் சாப்பிட்டவர்கள், தாங்கள் கலோரியை இழப்பதை உணராமலே இழந்தார்கள். அவர்களுடைய எடை ஒவ்வொரு கிலோ குறைந்தபோதும் பசி நாளைக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடியது. உடலின் செலவு குறைந்ததோ கிலோவுக்கு 20, 30 கலோரிதான். எடை இறங்காமல் தடுப்பதில் பசியின் பங்குதான் பெரியது. டீயில் குறைத்த 100 கலோரியை, ஒரு கிலோ இறங்கியதும், கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் ஒரு கரண்டிச் சோறாகவோ சாயங்கால மிக்சராகவோ உடல் திரும்பக் கேட்கிறது. கேட்பது சத்தமாகக் கேட்காது. நாமும் கவனிக்காமலே கொடுத்துவிடுவோம். சிறு மாற்றம் தொடக்கத்தில் சுலபம் என்பது உண்மை. கடைசிவரை சுலபமாக இருக்கும் என்பதைத்தான் ஏற்க முடியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அதையும் விழிப்போடு காக்க வேண்டியிருக்கிறது.

இந்த யோசனையை முன்வைத்தவர்கள் இவ்வளவு பெரிய வாக்குறுதியைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003-ல் 'சயின்ஸ்' இதழில் ஜேம்ஸ் ஹில் குழுவினர் எழுதியபோது அவர்கள் கேட்ட கேள்வியே வேறு: வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் அமெரிக்கர்களின் எடையை ஏறாமல் நிறுத்த எவ்வளவு போதும்? நாளைக்கு 100 கலோரி போதும் என்பது அதற்கான விடை. ஏறிய எடையை இறக்குவதைப் பற்றி அவர்கள் அங்கே பேசவில்லை. தடுப்புக்குச் சொன்னதை இளைப்புக்கான மருந்தாக மாற்றி விற்றது பின்னால் வந்த புத்தகங்களும் செயலிகளும்தான்.

தடுப்பு என்ற அளவில் இந்த வழி எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரையிலான 599 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவினர் தினமும் சிறு மாற்றங்கள் செய்தார்கள். இன்னொரு குழுவினர் முதலிலேயே கடுமையாக இருந்து சில கிலோவை இறக்கி வைத்துக்கொண்டார்கள். சுமார் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில், எதுவும் செய்யாத குழு சராசரியாகக் கால் கிலோ ஏறியிருந்தது. சிறு மாற்றக் குழு அரை கிலோவுக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. பெரு மாற்றக் குழு 2.37 கிலோ இறங்கியிருந்தது. எடையை மட்டும் பார்த்தால் பெரிய மாற்றமே வென்றது. ஆனால் புதிதாக உடல் பருமனுக்குள் போனவர்களின் விகிதம் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான், எதுவும் செய்யாதவர்களில் பாதி. இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்து, நாற்காலியிலேயே உட்கார்ந்து, கல்யாணமாகி, வருடத்துக்கு ஒரு கிலோ என்று ஏறப்போகிறவருக்கு இந்த முடிவு பெரிய விஷயம். தமிழ்நாட்டில் இது இன்னும் அவசரமான விஷயம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மிகை எடையோ உடல் பருமனோ உள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதமாக இருந்தார்கள், 2019-21-ல் 40.4 சதவீதமாகிவிட்டார்கள். இளம் வயதிலேயே இந்த அறிவுரை போய்ச் சேர்ந்தால் பலன் உண்டு. நாம் அதை 95 கிலோ ஏறி மூட்டுவலியோடு வருகிறவரிடம்தான் அதிகம் சொல்கிறோம்.

மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும், வேகமாகக் குறைத்தது வேகமாகவே திரும்பும் என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். மெல்போர்னில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு இதை ஆதரிக்கவில்லை. 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தவர்களும் 36 வாரத்தில் நிதானமாகக் குறைத்தவர்களும், பிறகு மூன்று வருடம் போல் பார்த்தபோது, இழந்ததில் ஏறக்குறைய 71 சதவீதத்தை ஒரே மாதிரி திரும்பப் பெற்றிருந்தார்கள். இலக்கை எட்டியவர்களோ வேகக் குழுவில்தான் அதிகம். ஆகவே நிலைப்பது வேகத்தைப் பொறுத்ததில்லை. குறைத்த பிறகு என்ன சாப்பிடுகிறோம், அதை எத்தனை வருடம் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு சிறு மாற்றத்தின் பக்கம் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் இருந்தார்கள். ஒரு குழுவுக்குச் சொன்ன அறிவுரை நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: தினமும் அரை மணி நேரமாவது நடங்கள், சர்க்கரையையும் மைதா போன்றவற்றையும் கொழுப்பையும் குறையுங்கள், நார்ச்சத்தைக் கூட்டுங்கள். மூன்று வருடத்தில், இந்த அறிவுரையோ மாத்திரையோ பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாற்றங்கள் செய்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இன்னொரு குழுவுக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் மாற்றங்கள் செய்தவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை.

எடை காட்டும் கருவி மட்டுமே நீதிபதி என்றால் அந்த 531 பேரில் மாற்றத்தைக் கடைப்பிடித்தவர்கள் தோற்றவர்கள். கணையத்தைக் கேட்டால் அவர்கள் ஜெயித்தவர்கள். கையும் காலும் ஒல்லியாக இருந்து வயிற்றில் மட்டும் கொழுப்பைச் சேர்க்கும் வாகு நம்மவர்களுக்கு அதிகம் என்று புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல வருடமாகச் சொல்லிவருகிறார். அப்படிப்பட்ட உடலுக்கு மொத்த எடை பாதிக் கதையைத்தான் சொல்லும். மாற்றத்தைத் தொடங்குகிறவரிடம் வயிற்றுச் சுற்றளவையும் (ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை), சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவையும், மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏற முடிகிறது என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எடை அசையாத மாதங்களிலும் இவை அசையும். அந்த அசைவுதான் ஆளைத் தொடர வைக்கும்.

எந்த மாற்றம் என்ற கேள்விக்கு நம் அறிவுரைகள் அலட்சியமாகவே பதில் சொல்கின்றன. காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிப்பதில் ஒரு கலோரியும் குறைவதில்லை, தேனால் கூடுகிறது. சோற்றுக்குப் பதில் ராத்திரி சப்பாத்தி என்பது இன்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் வழக்கம். அரிசி, கோதுமை, கேழ்வரகு எதுவானாலும் சமைக்காத 100 கிராமில் 320 முதல் 360 கலோரிதான். சப்பாத்தியால் சிலருக்குப் பலன் கிடைக்கிறது என்றால், அதை எண்ண முடிகிறது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். மூன்று என்று நிறுத்தலாம். சோற்றை யாரும் எண்ணிச் சாப்பிடுவதில்லை. எண்ணெய் விட்டு நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்று போனால் எந்த லாபமும் இல்லை.

எனக்குப் பிடித்த மாற்றம் மளிகைச் சீட்டில் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றாக்கினால், ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல் இருப்பதால், ஆளுக்கு நாளைக்கு 70 கலோரி போலக் குறைகிறது. முடிவெடுப்பது மாதத்தில் ஒரே ஒரு தடவை. தட்டின் முன்னால் உட்கார்ந்து தினமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வீட்டில் இல்லாத மிக்சரைப் பசி எவ்வளவு கேட்டாலும் கொடுக்க முடியாது. லண்டனில் 2010-ல் வெளியான ஒரு பழக்க ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக மாற நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. கடும் டயட்டுக்காரர்கள் ஒரு கல்யாணப் பந்தியோடு எல்லாம் போயிற்று என்று கைவிடுவார்கள். சிறு மாற்றக்காரர்கள் மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த வழியின் உண்மையான பலம் இதுதான்.

ஆனால் மளிகைச் சீட்டை எழுதுவது யார்? அடுப்படியில் நிற்பது யார்? குடும்பத்தலைவருக்குச் சர்க்கரை என்று மருத்துவர் சொன்னால், தனியாக ஒரு பொரியல், உப்புக் குறைத்த ஒரு குழம்பு என்று வேலை கூடுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு. அவளுக்கே எடை கூடினால் அவளுக்காக யாரும் தனியாகச் சமைப்பதில்லை. வீணாகிவிடுமே என்று பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் அவளே சாப்பிடுகிறாள். காலை ஐந்தரை மணி என்பது பூங்காவில் ஆண்கள் நடக்கும் நேரம், சமையலறையில் பெண்கள் ஓடும் நேரம். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு தொடங்கியது நல்ல காரியம். அங்கே நடக்கத் தனக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும், அதுதான் பலருக்கு இல்லை.

செலவும் உண்டு. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னது. ஆளுக்கு நாளொன்றுக்குக் காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்றால் நாலு பேர் வீட்டுக்குத் தினம் இரண்டு கிலோ. ரேஷனில் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் மலிவு. காய்க்குச் சந்தை விலை. வயிறு நிறைய வேண்டிய கூலி வீட்டில் சோறு கூடுவது மன உறுதி இல்லாததால் அல்ல. அந்த வீட்டுக்கு மருத்துவர் தரும் 'சின்ன மாற்றம்' சின்னதாக இருப்பதில்லை.

சிலருக்கு இந்த வழியே போதாது. 2017-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், சில மாதம் நாளொன்றுக்கு 850 கலோரி அளவுள்ள உணவை மருத்துவக் கண்காணிப்பில் எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மாத்திரை இல்லாமலே நோயின் பிடியிலிருந்து விலகியிருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் இது 86 சதவீதம். அந்த 15 கிலோ டீச் சர்க்கரையில் வராது. அத்தகையவர்களுக்குக் கண்காணிப்போடு கூடிய கடும் உணவுமுறையோ, மருந்தோ, அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். அவர்களிடம் நடந்தால் போதும் என்று சொல்லி அனுப்பி, ஆறு மாதம் கழித்து நீங்கள் ஒழுங்காக நடக்கவில்லை என்று கடிந்துகொள்வது மருத்துவமாகாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் 2021 முதல் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவருகிறார்கள். அந்த வருகையிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, நோயாளியோடு வீட்டிலுள்ள எல்லோரையும், முக்கியமாக ஆண்களையும், உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்யலாம். இந்த மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ சர்க்கரை, அரிசி எவ்வளவு, காய் எத்தனை நாள் வாங்கினீர்கள், காலையில் அம்மா நடக்கப் போனால் அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்கலாம். அடுத்த மாதம் வரும்போது வயிற்றுச் சுற்றளவை இஞ்ச் டேப்பில் அளந்து, அந்த எண்ணைச் சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.