சிறிய எண்ணுக்குப் பெரிய வக்காலத்து

கிரீன்வால்ட், பானாஜி, நோசெக் என்னும் மனோதத்துவ அறிஞர் மூவரும் 2015-ஆம் ஆண்டில், மனத்தின் மறைந்த சாய்வை அளக்கும் தங்கள் பரீட்சைக்காக எழுதிய சமாதானம், பிரக்ஞைக்கு எட்டாத பாரபட்சத்தைப் பற்றிய விவாதங்களில் இன்றளவும் கடைசி வார்த்தையாக எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. பரீட்சை முடிவுக்கும் நடத்தைக்கும் இடையே புள்ளியியற் கணக்கில் அற்பமாகத் தோன்றும் ஒரு தொடர்புகூட, எண்ணிறந்த மனிதர்களிடத்திலும், ஒரே மனிதருக்கு வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப நேரும் சந்தர்ப்பங்களிலும் செயற்படும்போது, சமுதாய அளவில் பெரிய விளைவாகத் திரண்டுவிடும் என்பதே அதன் சாரம். அடக்கமும் நியாயமும் உடையதுபோல் ஒலிக்கிற இந்த வாதம், என் அபிப்பிராயத்தில், கேட்ட கேள்விக்கு விடையன்று. கேள்வியை ஓசைப்படாமல் வேறிடத்துக்கு நகர்த்தி வைக்கிற உபாயம்.

அந்தப் பரீட்சையின் அருமையை நான் மறுக்கவில்லை. வெள்ளையர் முகங்களையும் கறுப்பர் முகங்களையும், நல்ல சொற்களையும் தீய சொற்களையும் இரண்டே விசைகளால் பிரிக்கச் சொல்லி, எந்தச் சேர்க்கையில் விரல் தயங்குகிறது என்பதை மில்லி நொடிக் கணக்கில் அளந்து, நாவு சொல்ல மறுப்பதை விரலிடமிருந்து வாங்க முயன்றது கூர்மையான யுக்தி. 1998-இல் அது வெளியான நாள்முதல், அமெரிக்கரைத் திரளாக எடுத்துக்கொண்டால் தயக்கம் ஒரு பக்கமாகவே சாய்கிறது என்பதும் பலமுறை கண்ட உண்மை. செகந்திராபாத்தில் பிறந்த பானாஜி இந்த ஆராய்ச்சியின் முன்னணியில் நிற்பதில் நம்மவர் பெருமை கொள்வதும் இயல்பே. நிற பேதம் இருக்கிறதா என்பதிலோ யாருக்கும் ஐயம் வேண்டியதில்லை. ஏறக்குறைய ஐயாயிரம் வேலை விண்ணப்பங்களைப் பாஸ்டனிலும் சிகாகோவிலும் அனுப்பிப் பார்த்த பெர்ட்ரண்ட், முல்லைநாதன் இருவரும், தகுதி ஒன்றாகவே இருக்க, வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு ஐம்பது சதவீதம் கூடுதலான அழைப்புகள் வந்ததை 2004-இல் காட்டிவிட்டார்கள். அங்கே அளக்கப்பட்டது செயல். மனத்தின் ஆழம் அன்று.

என் ஆக்ஷேபம் வேறு. தனி மனிதனுக்கு அவனுடைய அந்தரங்கத்தைச் சொல்லிக் காட்டுவதாகவே இந்தப் பரீட்சை உலகத்தாருக்கு அறிமுகமாயிற்று. இணையத்தில் அதை எழுதி முடித்தவுடன், உமக்கு வெள்ளையர்மீது சிறிதளவு சாய்வு, நடுத்தரச் சாய்வு, பலத்த சாய்வு என்று தரம் பிரித்த முடிவு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதே மனிதர் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால், இரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள ஒட்டுறவுக் கெழு சுமார் 0.5 அளவிலேயே நிற்கிறது. ஒருவரைப் பற்றி உறுதியாக ஏதேனும் சொல்ல விரும்பும் எந்த அளவைக்கும் இது போதாது. இன்று பலத்த சாய்வு உடையவரென்று வெட்கித் தலை குனிந்தவர் அடுத்த மாதம் சிறிதளவு சாய்வினராக வெளியே வரக்கூடும். இதை நன்கறிந்தவர்களாதலால்தான், பாரபட்சமாக நடந்துகொள்ளக் கூடியவர் இவர் என்று தனி நபரை வகைப்படுத்த இது ஏற்றதன்று என்னும் கருத்தை அம்மூவரும் அதே 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட கையோடு, சமுதாயத்தின் மொத்தக் கணக்குக்கு நகர்ந்துவிடுகிறார்கள். தனி ஜாதகம் பொய்த்தபோது நாட்டுக்கு ராஜா மந்திரி பலன் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் பஞ்சாங்கக்காரரின் சாமர்த்தியம் இது. ஆனால் ஜாதகம் பார்க்க வந்தவரிடம் வாங்கிய தட்சிணை திரும்பி வருவதில்லை.

அந்த மொத்தக் கணக்கேனும் நிற்கிறதா? நிற பேத விஷயத்தில் பரீட்சை முடிவுக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவு 0.24 என்று கிரீன்வால்டும் கூட்டாளிகளும் 2009-இல் தொகுத்துரைத்தார்கள். நான்கே ஆண்டுகளில் ஆஸ்வால்ட், டெட்லாக் முதலியோர் ஆய்வுகளை மீண்டும் தொகுத்தபோது அது 0.15 ஆக இறங்கியது. அதாவது மனிதர் நடத்தையில் காணும் வேறுபாட்டை நூறு பங்கு என்று வைத்தால், பரீட்சை விளக்குவது இரண்டு பங்கு. சிறு துளிதான் பெருவெள்ளம் என்பார்களாயின், அது துளிதானா என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டாமா? அளவையின் பிழை எத்தனை கோடிப் பேரிடம் திரும்ப நிகழ்ந்தாலும், ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஒழியுமேயன்றி, அநீதியாகத் திரளாது. திரள்வதற்கு அந்தச் சாய்வே செயலுக்குக் காரணமாக இருக்க வேண்டும். அந்தக் காரண சம்பந்தம்தான் இங்கே நிரூபிக்கப்படாத விஷயம். 492 ஆய்வுகளை, 87,000-க்கும் மேற்பட்டோரை உட்படுத்தியவற்றை, 2019-இல் தொகுத்துப் பார்த்த ஃபோர்ஷரும் அவர் குழுவினரும், இத்தகைய பரீட்சைகள் காட்டும் சாய்வின் எண்ணைச் சிறிது அசைக்க முடிகிறது என்றும், அந்த அசைவின் வழியாக நடத்தை மாறியதற்குச் சான்று இல்லை என்றும் கண்டார்கள். அந்தக் குழுவில் நோசெக்கும் ஒருவர் என்பதை, 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் ஏனோ சொல்வதில்லை.

ஆராய்ச்சியின் நிலை இதுவாக இருக்க, அதை நம்பி எழுந்த பயிற்சி வகுப்புகளைப் பற்றி என்ன சொல்ல? 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா ஸ்டார்பக்ஸ் கடையொன்றில், ஒன்றும் வாங்காமல் வேறொருவருக்காகக் காத்திருந்த கறுப்பர் இருவரைப் போலீஸார் கைது செய்தபின், மே 29 அன்று அமெரிக்காவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் அடைத்து, சுமார் 1,75,000 ஊழியர்களுக்கு மனச்சாய்வுப் பாடம் நடத்தினார்கள். அதற்குச் சில நாள் முன்னரே, எதையும் வாங்காதவரும் கடையில் அமரலாம் என்று அந்த நிறுவனம் விதியை மாற்றியிருந்தது. விரும்பினால் ஒருவரை வெளியேற்றலாம், விரும்பினால் விட்டுவிடலாம் என்னும் தளர்ந்த அதிகாரம் மேலாளர் கையில் இருந்ததே அந்தக் கைதுக்கு வழிவிட்டது என்பது என் துணிபு; அதைத் திருத்தியது அந்த விதி மாற்றம். ஆயினும் பத்திரிகைகள் கொண்டாடியது பாடத்தைத்தான். யாருக்கும் குற்றமில்லை, எல்லோருக்கும் நோய் உண்டு என்னும் சித்தாந்தம் முதலாளிகளுக்கு எவ்வளவு இதமானது! சம்பளப் பட்டியலையும் பதவி உயர்வுக் கணக்கையும் திறந்து காட்டுவதைவிட, ஊழியரை ஒரு மணி நேரம் ஆத்ம பரிசோதனைக்கு உட்கார வைப்பது மலிவு. பிரிட்டிஷ் அரசு 2020 டிசம்பரில், நடத்தையை மாற்றியதற்குச் சான்று இல்லையென்று, தன் அரசுப் பணியாளருக்கான இத்தகைய பயிற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த அரசின் உள்நோக்கம் எதுவாயினும், சொன்ன காரணம் சரியானதே.

முடிவைக் கொடுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு தருகிறோமே என்று பரீட்சையின் ஆசிரியர்கள் சொல்லலாம். நம்பத் தகாதது என்று தாமே எச்சரிக்கிற ஒரு தீர்ப்பை ஒருவர் பெயரில் எழுதிக் கொடுப்பானேன்? திரளை ஆராயும் கருவியாக அதை ஆய்வாளர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். தனி மனிதருக்கு முடிவு சொல்லும் வழக்கத்தை அவர்கள் உடனே நிறுத்த வேண்டும்.