கனடாக் காட்டில் இரு சகோதரியர்: குடிபெயர்ந்தோர் நூல்கள் இரண்டின் ஒப்பீடு

பிறந்த நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடியேறியோர் எழுதிய நூல்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை மலையையும் ஆற்றையும் வருணித்து, அந்நாட்டாரின் விநோத வழக்கங்கள் சிலவற்றைத் தொகுத்துரைப்பதோடு அமைவன. அடுப்பு மூட்டுதல், மாப் பிசைதல், அயலாரோடு கொடுத்து வாங்குதல் முதலாய அன்றாடச் செயல்களிலே புதிய நாடு ஒரு குடும்பத்துக்கு எவ்வாறு புலப்பட்டது என்பதைக் கூறுவன சிலவே. அச்சிலவற்றுள், கதரீன் பார் திரெயில் அம்மையாரின் ‘கனடாவின் காட்டுப்புறம்’ (1836), சூசன்னா மூடி அம்மையாரின் ‘காட்டிலே கரடுமுரடான வாழ்க்கை’ (1852) என்னும் இரண்டும் முதன்மை வாய்ந்தவை. இவ்விருவரும் உடன்பிறந்தார், ஒரே ஆண்டிற் கடல் கடந்தார், சில ஆண்டுகள் அயலயலே குடியிருந்தார். அங்ஙனமாகவும் ஒருவர் நூல் அழைப்பாகவும் மற்றவர் நூல் எச்சரிக்கையாகவும் அமைந்தமை ஆராயற்பாலது.

இச்சகோதரியர் இங்கிலாந்தின் சவோக் பகுதியிலே, கல்வி நிரம்பியதாயினும் செல்வம் குன்றிய குடும்பமொன்றில் வளர்ந்தவர். இருவரும் ஒரே படைப்பிரிவைச் சேர்ந்த அரைச் சம்பள உத்தியோகத்தரை மணந்தனர். அவ்வருவாயைக் கொண்டு தம் குடிப்பெருமைக்கேற்ப இங்கிலாந்தில் வாழ்தல் இயலாமையின், இரு குடும்பங்களும் 1832ஆம் ஆண்டிலே, இன்று ஒன்ராறியோ என வழங்கும் மேற்கனடாவுக்குப் புறப்பட்டன. அவ்வாண்டு கனடாவில் வாந்திபேதி பரவியிருந்தது. கதரீன் மொன்றியலில் அந்நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தார். திரெயில் குடும்பத்தினர், முன்னரே அங்குச் சென்றிருந்த சகோதரர் சாமுவேலின் துணையோடு, டூரோப் பகுதிக் காட்டிலே குடியேறினர். மூடி குடும்பத்தினர் முதலிற் கோபர்க் நகரின் அயலிலே பண்ணையொன்றில் இருந்து, 1834இல் டூரோவுக்கு வந்து, 1840இல் அக்காட்டை விட்டு நீங்கினர்.

திரெயில் அம்மையாரின் நூல், தாய்நாட்டிலுள்ள தாயாருக்கும் உற்றாருக்கும் எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்தது. அவர் எதனையும் பயன் நோக்கிக் காண்பவர். வீடு கட்டுதற்கு அயலார் பதினாறு பேர் திரண்டு வந்து, கூலியின்றி உணவும் பானமும் பெற்று மரச் சுவர்களை எழுப்பிய செய்தியை அவர் கூறுமிடத்து, உயர்குடியினரும் தொழிலாளரும் ஒருங்கு நின்று வேலை செய்த புதுமை நன்கு வெளிப்படுகின்றது. மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிச் சீனி எடுக்கும் முறையையும் அவர் விளக்குகின்றார். காட்டுப் பூக்களுக்குப் பெயர் அறியாவிடத்துத் தாமே பெயரிட உரிமை கொள்கின்றார். இவ்வியல்பே பின்னர் அவரைத் தாவரவியல் நூல்கள் எழுதச் செய்தது எனலாம்.

மூடி அம்மையாரின் நூலோ காட்சிகளாலும் மாந்தராலும் நிறைந்தது. அவர் முதன்முதல் சுட்ட பாண் கருகிப்போயிற்று. பசுவைக் கண்டு அஞ்சியவர் பால் கறக்கப் பழகினார். தேயிலையும் சீனியும் இரவல் வாங்கிச் சென்று திருப்பித் தாராத அயலாரை அவர் வெகுண்டும் நகைத்தும் வருணிக்கின்றார். கோப்பி இல்லாத காலத்து டன்டிலயன் என்னும் செடியின் வேரை வறுத்து இடித்துப் பானமாக்குகின்றார். கணவர் வெளியே சென்றிருந்த கடுங்குளிர் நாளொன்றிலே கூரை தீப்பற்றியபோது, அலுமாரியின் இழுப்பறைகளை வெளியே இழுத்துச் சென்று, கம்பளி விரித்து, அவற்றுட் பிள்ளைகளைக் கிடத்திக் காத்த நிகழ்ச்சி அந்நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. மெழுகுதிரி வாங்க வகையின்றி, கொழுப்பில் தோய்த்த துணித்திரியின் ஒளியிலே பத்திரிகைக்கு எழுதிப் பொருளீட்டியதையும் அவர் மறைத்தாரல்லர்.

திரெயில் மகிழ்ச்சியான உள்ளத்தினர், மூடி குறைகூறும் இயல்பினர் எனப் பிரித்துரைத்தல் பெருவழக்கு. இம்முடிபு போதியதன்று. இருவர் நூலிலும் அடிநாதமாயுள்ள கண்டுபிடிப்பு ஒன்றே: காட்டிலே குடிப்பெருமை உணவாகாது, கை கற்ற தொழிலே உணவாகும். வேறுபாடு, அக்கண்டுபிடிப்பை எப்பொழுது, யாருக்கு உரைத்தனர் என்பதிலே உள்ளது. திரெயிலின் நூல் குடியேறி நான்கு ஆண்டுகள் நிரம்புமுன் அச்சேறிற்று. எதிர்காலத்தின்மேல் வைத்த நம்பிக்கை இன்னும் தளராத காலம் அது. அன்றியும், மகளைப் பிரிந்து வருந்தும் தாய்க்கு எழுதுவதாக அமைந்த கடிதம் ஆறுதலையே முதற்கண் நாடும். மூடியின் நூலோ, அவர் காட்டை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழித்து வெளிவந்தது. வறிய தொழிலாளிக்குக் காடு வாழ்வளிக்கும், வறிய கனவானுக்கு அளிக்காது என்பதைத் தம்மையொத்தாருக்கு அறிவித்தலே அதன் நோக்கம்.

இவ்வகையில் நோக்குமிடத்து, இரண்டு நூல்களும் தனித்தனியே குறையுடையன. ஒருங்கு வைத்துக் கற்கும்போதே உண்மை முழுமையுறும். திரெயில் அம்மையார் செய்முறையைக் கற்பிக்கின்றார். அதனைக் கற்கப் பட்ட துன்பத்தை அடக்கி விடுகின்றார். அவர் கணவர் மனச்சோர்வுக்கு ஆளானவர் என்பதைப் பிற்கால வரலாறுகள் கூறுகின்றன. 1836இல் வெளிவந்த கடிதங்களிலே அத்துயரின் சுவடு காண்டல் அரிது. மூடி அம்மையார் துன்பத்தை உரைக்கின்றார். ஆயினும் எளிய அயலாரை நகைப்புக்குரியோராகவே பெரும்பாலும் தீட்டுதலின், அவர்தம் அறிவினாற் குடும்பம் பெற்ற நன்மை ஒளி குன்றுகின்றது.

இருவர்க்கும் பொதுவான குறையொன்றும் உண்டு. அவர்கள் காடு என்றது, மிசிசாகா மக்களின் வேட்டை நிலமும் மீன்பிடி நீரும் ஆகும். அந்நிலப்பகுதி 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பிரித்தானிய முடிக்குச் சென்றது. அம்மக்கள் மான் இறைச்சியும் மரப்பட்டைக் கூடைகளும் கொண்டு வந்து பண்டமாற்றுச் செய்ததை இருவரும் பரிவோடு எழுதியுள்ளனர். ஆனால், தாம் வந்தமையால் அவர் இழந்தது யாது என்னும் வினா இந்நூல்களில் உரிய இடம் பெறவில்லை. புதிய நாடு என்பது வந்தவர்க்கே புதியது.

1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கைத் தமிழருட் பெருந்தொகையினர் குடியேறியதும் அதே ஒன்ராறியோ மாகாணத்திலேயாம். மூடியும் திரெயிலும் குடிப்பெருமை குன்றாமைக்குச் சென்றனர். இவர்களுட் பலர் போரினால் உயிர் பிழைத்தற்குச் சென்றனர். இவ்வேற்றுமை பெரிது. எனினும், ஊரிலுள்ள தாய்க்கு எழுதுங்கால் இரவு வேலையையும் பனிக்காலத் தனிமையையும் மறைத்து, புதிய வீட்டின் படத்தை மட்டும் அனுப்பும் அன்பு, திரெயில் அம்மையாரின் அன்பினின்றும் வேறானதன்று. அவ்வன்பு தாயைத் தேற்றும். அடுத்துப் புறப்படக் காத்திருக்கும் தம்பிக்கோ அது வழிகாட்டாது. பாண் கருகியதையும், பின்னர் அது கருகாமற் சுடக் கற்ற வகையையும் ஒரே நூலில் உரைப்பவரே குடிபெயர்ந்தோர் இலக்கியத்தை நிறைவு செய்வர். தமிழில் அத்தகைய குடும்ப வரலாறுகள் பெருகுதல் வேண்டும். அவற்றை எழுதப் புகுவார்க்கு இவ்விரு சகோதரியரின் நூல்களும், தம் நிறையாலும் குறையாலும், நல்லாசிரியராய் அமைவனவாம்.