அப்டேட் வந்தாலும் கலையாத மாற்றங்கள்: இஆர்பிநெக்ஸ்ட் 15 விமர்சனம்

2025 செப்டம்பர் 22. அதுவரை 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த வண்டி உதிரிபாகங்கள் அன்று முதல் 18 சதவீதத்துக்கு இறங்கின. ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து அனுப்பும் வெண்டார்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அன்றைய முதல் லோடு கேட்டைத் தாண்டுவதற்குள் இன்வாய்ஸில் புது விகிதம் ஏறியாக வேண்டும். கம்பெனிக்கென்று மாற்றியமைத்த மென்பொருளின் தரம் இப்படிப்பட்ட நாளில்தான் வெளிப்படும். 28 என்ற எண்ணை யாரோ நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால், எழுதியவரைத் தேடிப் போன் போட வேண்டியதுதான்.

மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. இது கம்பெனி நிர்வாகத்துக்கான திறந்த மூல மென்பொருள். எத்தனை பேர் பயன்படுத்தினாலும் தலைக்கு இவ்வளவு என்ற உரிமக் கட்டணம் கிடையாது. இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது 2023 அக்டோபரில் வெளியான 15ஆம் பதிப்பு.

வரி விகிதம் இதில் ஒரு டெம்ப்ளேட்டாக இருக்கிறது. அதன் எதிரே எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. 18 சதவீத டெம்ப்ளேட்டை 22-09-2025 என்ற தேதியோடு ஐட்டம் குரூப்பில் சேர்த்தால், அன்று முதல் போடும் பில்லுக்குப் புது விகிதம் தானாக வரும். ஐட்டத்திலேயே தனி டெம்ப்ளேட் போட்டிருந்தால் மட்டும் அதுவே முந்திக்கொள்ளும். அப்படிப்பட்ட ஐட்டங்களை முதலில் சரிபார்த்துவிட வேண்டும்.

அடுத்தது ஹீட் நம்பர். எந்த உருக்கிலிருந்து வந்த கம்பியில் இந்தப் பாகம் கடையப்பட்டது என்பது, கஸ்டமர் ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பும்போது உயிர்நாடியான தகவல். ‘கஸ்டமைஸ் ஃபார்ம்’ திரையில் ‘பேட்ச்’ படிவத்தைத் திறந்து, புதுக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, கட்டாயம் என்று டிக் செய்து சேமித்தால் போதும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கட்டம் படிவத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 15ஆம் பதிப்பின் ஃபார்ம் பில்டரில் கட்டங்களை இழுத்து இடம் மாற்றவும் முடிகிறது. இந்த மாற்றங்கள் மூல நிரலைத் தொடுவதில்லை, தனியாகச் சேமிக்கப்படுகின்றன. அதனால் அடுத்த அப்டேட் அவற்றை அழிப்பதில்லை. இந்த மென்பொருளின் மிகப் பெரிய பலம் இதுதான்.

தாராளத்துக்கும் எல்லை உண்டு. ‘டேட்டா’ வகைக் கட்டம் ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் 140 எழுத்துக்கு இடம் பிடிக்கிறது. அந்த மரியாடிபி டேட்டாபேஸில் ஒரு வரிசையின் உச்சவரம்பு 65,535 பைட். ஏற்கெனவே கட்டங்கள் நிறைந்த சேல்ஸ் இன்வாய்ஸில் கஸ்டமருக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒருநாள் ‘வரிசை மிகப் பெரியது’ என்று பிழை காட்டி நின்றுவிடும். ‘ஸ்மால் டெக்ஸ்ட்’ வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடி பெரிதும் குறையும்.

ஒரகடத்தில் பாதி வேலை வெளியே நடக்கும். பிளேட்டிங்குக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் செலான் போட்டு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். ஜாப் வொர்க்குக்கென்று தனி ஆர்டரும் தனி ரசீதும் இதில் இருப்பதால், யாரிடம் எவ்வளவு சரக்கு நிற்கிறது என்பது கையில் இருக்கும். இ-இன்வாய்ஸ், இ-வே பில் போன்ற இந்திய வேலைகளை ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற தனிச் செயலி பார்த்துக்கொள்கிறது. 14ஆம் பதிப்பிலிருந்தே இவை பிரிக்கப்பட்டுவிட்டன. எனவே அந்தச் செயலியையும் மறக்காமல் நிறுவ வேண்டும்.

வேகம்தான் கவனம் கேட்கும் இடம். போன மாதத் தேதியிட்டு ஒரு ஸ்டாக் என்ட்ரி போட்டால், அதற்குப் பின் அந்தப் பொருளுக்கு நடந்த அத்தனை வரவு செலவின் மதிப்பையும் மென்பொருள் மறுபடி கணக்கிடுகிறது. ஷிப்ட் முடிவில் இப்படிப் பல என்ட்ரிகள் குவிந்தால் மறுகணக்கீட்டுக்குக் காத்திருக்கும் வரிசை நீளும், ரிப்போர்ட்டில் மதிப்பு தாமதமாகச் சரியாகும். ஸ்டாக் செட்டிங்ஸில் குறிப்பிட்ட தேதி வரை கணக்கைப் பூட்டும் வசதி உண்டு. மாதம் முடிந்ததும் பூட்டிவிடுவது நல்லது. எந்தத் திரை இழுக்கிறது என்று கண்டுபிடிக்க ‘ரெக்கார்டர்’ உதவும். ஒரு பட்டனை அழுத்தும்போது பின்னால் ஓடும் ஒவ்வொரு டேட்டாபேஸ் கேள்வியையும், அது எடுத்த நேரத்தையும் அது வரிசையாகக் காட்டுகிறது. கட்டணம் எதுவும் இல்லாமல் இத்தனை வெளிப்படையாக உள்ளே பார்க்க முடிவது வியப்பளிக்கிறது.

குறைகளும் உண்டு. திரையிலிருந்தே சிறு நிரல் எழுத உதவும் சர்வர் ஸ்கிரிப்ட் வசதி, பாதுகாப்புக்காக 15இல் அணைத்தே வருகிறது. அதை இயக்க சர்வர் அமைப்பில் கை வைக்கத் தெரிந்தவர் வேண்டும். செலானையும் லேபிளையும் தமிழில் வடிவமைக்கலாம். ஆனால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பிடிஎஃப்பில் வெறும் கட்டங்கள்தான் அச்சாகும்.

பில்லும் வரவு செலவும் மட்டும் பார்க்கும் சிறு பட்டறைக்கு டேலி போதும். பல கஸ்டமர்கள், ஜாப் வொர்க், லாட் கணக்கு என்று வளர்ந்துவிட்ட வெண்டாருக்கு இஆர்பிநெக்ஸ்டைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இதை நிறுவித் தரும் சர்வீஸ் பார்ட்னரிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: எல்லா மாற்றமும் தனிச் செயலியாக, நிரலோடு கம்பெனியின் கையில் ஒப்படைக்கப்பட வேண்டும். மூல நிரலில் கை வைக்கலாம் என்பவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.